ஒன்னு கழறணும்

போன வாரம் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் வேலை. கீழே காப்பிக்கடை, மேலே உட்கார்ந்து பேசுவதற்கு இடம் என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கட்டுக்குக் கண்ணாடிக் கைப்பிடி போட நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிகளை நிறுத்தியாயிற்று. இடுக்கை அடைப்பதற்காகச் சிலிகான் குழாயின் மூக்கை நறுக்கியதும் அந்தப் புளித்த காடி வாசனை குப்பென்று வந்தது. முப்பது வருஷமாக முகர்கிற வாசனைதான். ஆனாலும் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "யாரு வீட்ல ஊறுகா போடுறாங்க?" என்று நீ அங்கிருந்தே கேட்டுக்கொண்டு வருவாயே, அதற்காக. வாசலில் ஒரு பூனை மட்டும் இருந்தது.

அந்தக் கடையை மாற்றிக் கட்ட வரைபடம் போட்ட பெண் தமிழ்ப் பிள்ளைதான். கெட்டிக்காரி. கீழேயிருந்து ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவள், படி திரும்புகிற இடத்துக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தாள். மற்ற எல்லாக் கண்ணாடியும் தரையில் பதித்த தவாளிப்புப் பள்ளத்துக்குள் இறங்கி, பசை போட்டு, ஆணி போல்ட் எதுவும் தெரியாமல் நிற்கின்றன. அந்த ஒன்று மட்டும் நான்கு ஸ்டீல் போல்ட்டில் நின்றது.

"அங்கிள், எல்லாம் அழகா இருக்கு. இது ஒன்னுக்கு மட்டும் எதுக்கு போல்ட்டு?"

இத்தனை வருஷமும் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பதில் சொன்னது நீ. நான் பக்கத்தில் நின்று அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். அன்றும் சுருட்டினேன். அது எங்கள் பழக்கம் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வேனில் வந்து உட்கார்ந்தேன். உன் இருக்கையில் இப்போது கருவிப் பைதான் உட்கார்ந்திருக்கிறது. கனமான பை. ஆள் என்று நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லி வேன் கத்துகிறது. பைக்குப் பெல்ட் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நம் வீட்டுப் படிக்கட்டைப் பற்றியது. நேராகச் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

ஊரில் எல்லோரும் என்னைத்தான் கண்ணாடிக்காரர் என்றார்கள். கண்ணாடியைத் தூக்கி நிறுத்துகிறவன் நான், அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு எந்தக் கண்ணாடி என்று முடிவு செய்தது நீ. மாக் மண்டினில் இருக்கிற நம் பட்டறையில் மாதிரித் துண்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். வருகிறவர்களை நான் நேராக அங்கே கூட்டிக்கொண்டு போவேன். பளிங்கு மாதிரி இருப்பது, பனி படர்ந்தது போல மங்கலாக இருப்பது, இரண்டை ஒட்டி நடுவில் தாள் வைத்தது என்று என் பாட்டுக்கு விளக்குவேன். நீ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பாய். யாருக்கு முட்டி வலி, துவைத்த துணியை யார் மாடிக்குத் தூக்கிப் போவது, பிள்ளைகள் எத்தனை, அதில் ஏறிக் குதிக்கிற ஜாதி எத்தனை. கண்ணாடி வாங்க வந்தவர்கள் கல்யாணத்துக்கு வரன் பார்க்க வந்தவர்கள் மாதிரி குடும்பக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நிபோங் திபாலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு கட்டினாரே, நினைவிருக்கிறதா? அவர் மனைவி ஏதோ ஹோட்டலில் பார்த்துவிட்டு வந்து, மேலே கம்பியோ கட்டையோ இல்லாத வெறும் கண்ணாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். நீ மட்டும் வாத்தியாரைப் பார்த்து, மாடியில் எத்தனை ஜன்னல் என்று எண்ணிவிட்டு வர முடியுமா என்று கேட்டாய். அவர் கட்டுகிற வீட்டில் அவரையே எண்ணச் சொல்கிறாயே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார், இறங்கினார். நீ ஜன்னல் கணக்கைக் காதில் வாங்கவே இல்லை.

"அம்மா, ஐயாவோட கை செவுத்தயே தேடிட்டுப் போவுது, பாத்தீங்களா? வெறும் கண்ணாடியப் பிடிச்சு நடக்க முடியாதும்மா. தேடுற கைக்கு ஒன்னு மாட்டணும்ல."

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவரின் கை சுவரைத் தேடுவதை அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது. கண்ணாடிக்கு மேலே உருண்டையான மரக்கட்டை ஓடுகிற மாதிரி போட்டோம். வேலை முடிந்த அன்று வாத்தியார் அந்தக் கட்டையைத் தடவிக்கொண்டே மூன்று தடவை ஏறி இறங்கினார்.

துணிக்கடை பாய்க்கு நீ செய்த வேலை இன்னொன்று. கடைக்குள் பாதி மாடி எடுத்து, சேலைகளை மேலே வைக்கப்போகிறார். கண்ணாடி வைரம் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், கீழே நிற்கிறவர்களுக்கு மேலே இருக்கிற சரக்கு தெரிய வேண்டும் என்றார். சரக்கு மட்டுமா தெரியும், மேலே நிற்கிற பொம்பளைங்க காலும்தான் தெரியும் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. இடுப்பு உயரம் வரை மங்கலாகவும் அதற்கு மேல் தெளிவாகவும் போட்டுக் கொடுத்தோம். பாய் உன்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாதது ஒன்றே ஒன்று. வீடோ கடையோ, மாடி என்று ஒன்று இருந்தால், படி திரும்புகிற இடத்தில் நிற்கும் கண்ணாடியை ஒட்டக்கூடாது, நான்கு போல்ட்டில்தான் நிறுத்த வேண்டும் என்பாய். "ஒன்னு கழறணும்ங்க." இதுதான் உன் சட்டம். நான் கத்திப் பார்த்திருக்கிறேன். நல்ல வழவழப்பான வேலையில் நான்கு மூக்குத்தி குத்தினாற்போல் இருக்கிறது என்று கேலி செய்திருக்கிறேன். நீ அசையமாட்டாய். வீட்டுக்காரர்கள் எதற்கு என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, "கட்டில் ஏத்தணும்ல" என்பாய். அவர்களும் ஆமாம், கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் ஏற்ற வேண்டுமே என்று சரியென்பார்கள். உண்மையும்தான். எத்தனையோ வீட்டுக்கு நாமே போய்க் கழற்றிக் கொடுத்து, கட்டில் ஏறியதும் மாட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

உண்மைக் காரணத்தை நீ எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். தீவுக்குப் போகிற பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தன. மழை. வேன் கண்ணாடியில் நீ விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டே சொன்னாய். டவுனில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் உன் குடும்பம் குடியிருந்தது. உனக்குப் பதினோரு வயது. அப்பா மேலேயே இறந்துவிட்டார். அந்தப் படி ஏணி மாதிரி செங்குத்து, அதிலும் பாதியில் ஒரு திருப்பம். படுத்தபடி இறக்க முடியவில்லை. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, நான்கு பேர் இறக்கினார்கள்.

"ஒவ்வொரு படிக்கும் அப்பா தலை ஆமா ஆமான்னு ஆடுச்சுங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அம்மா என்னைய அறைஞ்சாங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது, நான் கியரைப் போட்டேன். கொஞ்ச தூரம் போனதும் நீயே சொன்னாய், படுத்தபடி வரணும்ங்க, அவ்வளவுதான் என்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்குக் கட்டில் கதையே போதும் என்று விட்டுவிட்டோம்.

இனி நம் வீடு.

டத்தோ கிராமாட்டில் நாம் வாங்கிய அந்த இரண்டு மாடி வரிசை வீட்டுக்கு வெகு காலம் பழைய இரும்புக் கம்பிதான் கைப்பிடி. துரு ஏறி, பிடித்தால் கை பழுப்பாகும். கண்ணாடி போடுகிறவன் வீட்டுப் படியைப் பார் என்று உன் அண்ணன் சிரிப்பார். பிறகு அந்த நிபோங் திபால் வேலையில் நான் பெரிய தப்புச் செய்தேன். தரைக்கு இன்னும் ஓடு பதிக்கவில்லை என்பதை மறந்து, வெறும் சிமெண்டிலிருந்து அளவெடுத்துக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி சூளைக்குப் போய்ப் பதமாகித் திரும்பி வந்தபோது ஒரு கட்டைவிரல் அகலம் உயரம் கூடிவிட்டது. பதமான கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. தொட்டால் மொத்தமும் பொடிதான். நான் பட்டறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நீ அந்தக் கண்ணாடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நம்ம வீட்டுக்கு வெச்சுக்கலாம் என்றாய்.

அப்படி ஆரம்பித்தது. அடுத்த பத்து வருஷத்தில் நான் செய்த தப்பெல்லாம் ஒவ்வொன்றாக நம் படிக்கட்டில் வந்து நின்றது. ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்றில் துளை இடம் மாறியிருக்கும். ஒன்றுக்குப் பச்சை நிறம் தூக்கல். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீ கடை காட்டுவது போலக் காட்டுவாய். இது அவரு சளியோட போய் அளந்தது, இது என்னோட சண்ட போட்டுட்டுப் போய் அளந்தது என்று. ஊரில் எவனுக்கும் அவன் தப்பு இப்படி வரிசையாக, துடைத்து மினுக்கி, வீட்டுக்குள்ளேயே நிற்காது. எனக்குக் கோபம் வரும். அப்புறம் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

முதல் தப்பு, அந்த நிபோங் திபால் கண்ணாடி, படி திரும்புகிற இடத்துக்கு. நான்கு போல்ட்டில். அது ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆள் யாரும் இல்லை. நீயே முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றாய். நான் இடது பக்கம், நீ வலது பக்கம். கண்ணாடியை இரண்டு பேர் தூக்கும்போது ஒருத்தர் பிடித்தாரா என்று தெரியாமல் மற்றவர் தூக்கக்கூடாது. பட்டறையில் நாங்கள் கேட்டுக்கொள்வது போலவே உன்னையும் கேட்டேன், "இருக்கியா?" என்று. "இருக்கேன்" என்றாய். தூக்கினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் முகம், வாயைக் குவித்து மூச்சை அடக்கிக்கொண்டு. நான் போல்ட்டை இறுக்கி முடித்ததும் அந்த எல் வடிவச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நீ மாட்டினாய். எல்லாச் சாவியையும் பட்டறையில் தொலைத்துவிடுவேனாம்.

போன வருஷம் அந்தச் சாவியை அந்த ஆணியிலிருந்து நான் எடுத்தேன்.

உன் கடைசி நான்கு மாதமும் மாடி அறையில்தான். கீழே கட்டிலைப் போட்டுவிடலாம் என்று டாக்டரும் சொன்னார், மகளும் சொன்னாள். நீ கேட்கவில்லை. மேலே ஜன்னலில் காற்று வருகிறது, ரம்புத்தான் மரம் தெரிகிறது என்றாய். நான் கோபப்பட்டபோது, "அதான் ஒன்னு கழறுமேங்க" என்று சிரித்தாய். நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன். அதற்காக இப்போதும் என்னை மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் காலை, உன்னை எடுத்துப் போக வந்தவர்கள் படியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்பத்தில் திரும்பாது, கொஞ்சம் தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் போய்ச் சாவியை எடுத்து வந்தேன். நான்கு போல்ட்டையும் கழற்றினேன். கை நடுங்கவே இல்லை. வேலை செய்கிற கை அல்லவா. உன் அண்ணன் மறுபக்கம் பிடிக்க, கண்ணாடியை அப்படியே திருப்பத்தின் சுவரில் சாய்த்தேன். வெறும் தரையில் வைத்தால் ஓரம் அடிபடும் என்று உன் பழைய பாத்தேக் சாரோங்கை, அந்தப் பூப்போட்ட கைலியை, மடித்து அடியில் கொடுத்தேன். திறந்த பக்கம் வழியாக ஹாலில் நின்றவர்கள் தோளில் உன்னை வாங்கிக்கொண்டார்கள். நீ படுத்தபடிதான் வந்தாய். தலை ஆடவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு கண்ணாடி அங்கேயே சாய்ந்திருந்தது. மறுநாள் மாட்டலாம் என்றிருந்தேன். காரியம் முடியட்டும் என்றிருந்தேன். பட்டறையில் நான்கு பேர் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் அரை மணி நேர வேலை. சொல்லவில்லை. வேறு யாராவது உன் பக்கம் வந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் திறப்பு உன் கடைசி வழி. அதை நானே அடைப்பதா என்றும் இருந்தது. ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கொஞ்சம் எடுத்துக் குறுக்கே கட்டினேன். ஊருக்கெல்லாம் ஐந்து விரல் இடைவெளிக்கு மேல் விடக்கூடாது என்று வகுப்பெடுக்கிறவன் கட்டிய வேலையைப் பார்.

நான் கீழே ஹாலில் சோபாவில் படுக்க ஆரம்பித்தேன். பேச ஆளில்லாமல் வானொலியைப் போட்டு வைப்பேன், செய்தி வாசிக்கிறவருக்கு ம் கொட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் காடியும் பழைய பேப்பரும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக் கண்ணாடிகளைத் துடைக்கப் போனால், துடைக்க ஒன்றும் இருக்காது. கைவைக்க ஆள் இல்லாத வீட்டில் கண்ணாடி அழுக்காவதில்லை. நீ இருந்தபோது நான் தொட்ட இடத்தையெல்லாம் காட்டித் திட்டுவாயே, அதற்குக்கூட வழியில்லை.

நம் வீட்டுக்கு அந்த வருஷம் தீபாவளி இல்லை. ஆனாலும் விடுமுறைக்கு மகள் ஈப்போவிலிருந்து பேரனோடு வந்தாள். அவன் அப்போது தவழ்ந்து, எதையும் பிடித்து ஏற ஆரம்பித்திருந்தான். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன், அவள் குளியலறையில். பயல் சத்தமில்லாமல் படி ஏறியிருக்கிறான். அவள் வெளியே வந்து பார்த்தபோது கயிற்றுக்கு அடியில் தலை வெளியே வந்துவிட்டது. ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தாள். அந்த உயரம் என் தோள் அளவு, கீழே ஓட்டுத் தரை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான்.

இதை ஏன் இன்னும் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது. குற்றம் என் பக்கம் இருந்தால் என் குரல்தான் முதலில் உயரும் என்று உனக்குத் தெரியுமே.

"உங்கம்மா போன வழிடி அது. அடைச்சிரச் சொல்றியா?"

"அம்மா போயிட்டாங்கப்பா. இவன் இருக்கான்."

அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். படி சரியாகும் வரை பிள்ளையை இங்கே கொண்டுவரமாட்டேன் என்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனில் சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு சரி. பேரன் நடக்க ஆரம்பித்ததை நான் போன் திரையில்தான் பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டேன். நேற்று உன் முதல் வருஷத் திவசம். காப்பிக்கடை வேலை முடிந்து வந்த அன்று மகள் போன் செய்தாள். படிக்கட்டு ஆச்சாப்பா என்று கேட்டாள். ஆச்சும்மா, எப்பவோ ஆச்சு என்றேன். பொய். வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் வாயில் வந்துவிட்டது.

ஆகவே முந்தாநாள் சாயங்காலம் நானே மாட்டிவிடுவது என்று இறங்கினேன். தனியாக. கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் கைப்பிடிகள் இரண்டையும் அதில் ஒட்டினேன். கயிற்றை அவிழ்த்தேன். குனிந்து பிடித்துக்கொண்டு, யோசிக்காமல், "இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

கீழே வானொலியில் யாரோ மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் தூக்கினேன். வீம்பு. இருபது கிலோ எனக்கு ஒரு கனமே இல்லை என்று நினைத்தேன். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, போல்ட் போட மூன்றாவது கை வேண்டும் என்று. ஒரு கையை விட்டால் கண்ணாடி போய்விடும். திரும்பக் கீழே வைக்கலாம் என்றால் சாரோங் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியவில்லை. கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் திறந்து கிடக்கும் ஓரத்தோடு, அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விழுந்தால் நானும் இதுவும் சேர்ந்துதான் விழுவோம், நாளைக்கு வந்து மகள்தான் பார்ப்பாள் என்று நினைத்தபோது முதல் தடவையாகப் பயம் வந்தது. காலால் துழாவித் துழாவிச் சாரோங்கைக் கண்டுபிடித்து, அங்குலம் அங்குலமாக இறக்கினேன். பிறகு படியில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு மறைக்க என்ன இருக்கிறது.

நேற்றுக் காலை அவர்கள் வந்தார்கள். மகள் உள்ளே நுழைந்ததும் படியைத்தான் பார்த்தாள். அவிழ்த்த கயிறு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பிள்ளையை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். மாப்பிள்ளை நான் பிடிக்கிறேன் என்று முன்னால் வந்தார். வேண்டாம், நீங்கள் இவனைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவளே மேலே வந்தாள்.

கண்ணாடிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் ரப்பர் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீல் உரசி ஒருநாள் கண்ணாடி வெடித்துவிடும். போன வருஷம் கழற்றிய நான்கில் இரண்டு எங்கேயோ உருண்டு போய்விட்டன, மீதி காய்ந்து பிளந்திருந்தன. முந்தாநாள் நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. பட்டறைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றேன். அம்மா பிஸ்கட் டின்னில் பாத்தீங்களா என்று கேட்டாள் மகள். சமையலறை மேல் தட்டில் உன் டின், பொத்தான், ஊசி நூல், பழைய மூக்குக் கண்ணாடியோடு. அதற்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. புத்தம் புதிய ரப்பர் வளையம் நான்கு. பையின் மேல் பேனாவால் "படி. நம்ம வீடு" என்று எழுதியிருந்தது. உன் எழுத்துதான், ஆனால் கடைசி மாதங்களில் கோணிக் கோணிப் போன எழுத்து.

மேலேயே கிடந்த நீ, இதை யாரிடம் சொல்லி வாங்கினாய், யார் டின்னில் வைத்தார்கள் என்று மகளும் நானும் கேட்டுக்கொண்டோம். இருவருக்கும் தெரியவில்லை. கழற்ற வேண்டி வரும் என்று தெரிந்தவளுக்கு, திரும்ப மாட்ட வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக அந்த டின் என் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பக்கம்பா பிடிக்கணும்?"

வலது பக்கம் என்றேன். அவள் குனிந்து பிடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைக் குவித்து மூச்சை அடக்கிக்கொண்டாள். இது எனக்கு வேண்டியிருந்ததா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்ப்பா."

தூக்கினோம். அவள் தோளால் அணை கொடுத்தாள், நான் போல்ட்டுகளைப் போட்டேன். ஒரு கட்டைவிரல் உயரம் கூடின என் முதல் தப்பு பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது. பேரனை இறக்கிவிட்டார்கள். அவன் நேராக வந்து அதில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, பிறகு நாக்காலும் நக்கிப் பார்த்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அதைத் துடைக்கவில்லை, நீ திட்டினாலும் சரி.

மகள் ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்தாள். பயல் வளர்ந்தால் இதைத் திருகித்தான் விளையாடுவான், மற்றது மாதிரி இதையும் சிலிகான் போட்டு ஒரேயடியாக ஒட்டிவிடுங்கள் என்றாள். நியாயமான பேச்சுதான். வேனில் குழாய்கூட இருந்தது.

"வேணாம்மா. ஒன்னு கழறணும்."

"எதுக்குப்பா?"

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போனவள், இத்தனை வருஷத்தில் இதை அவள் கேட்டதே இல்லை. நான் அளவுநாடாவைத் தேடினேன், கையில் இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். அறுபத்து நான்கு வயது எனக்கு. படுக்கையை இன்று மறுபடி மாடிக்கு மாற்றிவிட்டேன், ஜன்னலில் காற்று நன்றாகத்தான் வருகிறது. ஒருநாள் நானும் அந்தத் திருப்பத்தில் வந்துதான் ஆக வேண்டும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"கட்டில் ஏத்தணும்ல," என்றேன்.

உன் மாதிரி சிரிக்கவும் முயன்றேன். அவள் நிமிர்ந்து மாடி அறைப் பக்கம் பார்த்தாள். கட்டில் அங்கே எப்போதோ ஏறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தாள். சரிப்பா என்றாள். என் கையிலிருந்த சாவியை வாங்கி, கடைசி போல்ட்டை இன்னொரு அரைச் சுற்று இறுக்கினாள். சமையலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

சாவி எங்கே தொங்குகிறது என்று இப்போது அவளுக்கும் தெரியும்.